ஆடியில் கிள்ளிய தழை

சிறுகாட்டூர், ஜவ்வாது மலை
23 நவம்பர் 2025

சுவேதா,

நீ பொய் சொல்லியிருக்கிறாய். கோயில் சரிவில் ஆடி மாதம் பேய்மிரட்டித் தழையைக் கிள்ளியது நீ இல்லை, நான். ஆவணியில் நான். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாமே நான். பன்னிரண்டு மாதத்தில் நீ மலை ஏறியது இரண்டு தடவை. இரண்டு தடவையும் அட்டை கடிக்கிறது என்று அடுத்த பஸ்ஸுக்கே இறங்கிவிட்டாய்.

பேப்பரில் "மாதந்தோறும் தானே மலையேறித் தழை சேகரித்த போளூர் மாணவி" என்று போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி மாநாட்டில் முதல் பரிசாம். படத்தில் நீ சிரிக்கிறாய். உன் முன்னால் மேசையில் பன்னிரண்டு பொட்டலம்.

எங்கள் ஊர் அருண்ராஜ்தான் அதைக் கத்தரித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினான். பெருமையாகத்தான் ஒட்டினான். ஆடியிலிருந்து தை பிறக்கும் வரை தழையைத் தொடக் கூடாது என்று ஊர் சொல்லிவந்தது சரிதான், மழைக்காலத் தழையில் சத்தே இல்லை, மாசித் தழையில்தான் எண்ணெய் ஊறி நிற்கிறது என்று நீ நிரூபித்துவிட்டாயாம். இரண்டு நாள் ஊரே அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "பாத்தியா, நம்ம சாமி சொன்னத இப்ப மிஷினு சொல்லுது."

மூன்றாம் நாள் ரமேஷ் அண்ணன் அந்தப் படத்தின் கிட்டே போய் நின்றார். பொட்டலங்களின் மேல் மாதத்தின் பெயர் எழுதியிருக்கிறது இல்லையா? அங்கன்வாடிப் பலகையில் தினமும் கிழமையும் தேதியும் எழுதுகிறவள் நான். என் எழுத்தில் சுழி எப்படி விழும் என்று படிக்கத் தெரியாதவர்களுக்கும் இங்கே தெரியும்.

"கலை, இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதான்ணா."

"ஐப்பசின்னு போட்டுக்கீது. ஐப்பசில யாரு கிள்ளுனது?"

தடை மாதத்தில் கிள்ளினால் அம்மன் ஊரில் ஓர் உயிரைக் கேட்பாள் என்பார்களே. போன வருட ஐப்பசியில்தான் அவருடைய மகள் பூஜா செத்தாள். நாலு வயது. காய்ச்சல். ஓடையில் தண்ணீர் போனதால் ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றது. தோளில் போட்டுக்கொண்டு ரமேஷ் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அக்கரை போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. அந்த ஓடைக்குப் பாலம் கேட்டு எட்டு வருடமாக மனு கொடுக்கிறோம். ஆனால் இன்றைக்கு அவர் மனதில் பாலம் இல்லை. என் எழுத்துதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் ரங்கன் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற வரைக்கும் எங்கள் வீடு ஊருக்கு வெளியே என்று சொல்லிவிட்டார்கள். தை முதல் நாள் அம்மன் முன்னால் முடிவு.

நீ வர வேண்டும். நீ கேட்டதால்தான் நான் கிள்ளினேன் என்றும், தழை பிள்ளையைக் கொல்லாது, பாலம் இல்லாததுதான் கொன்றது என்றும் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். பேப்பரில் வந்தவள் சொன்னால் கேட்பார்கள். போனில் பேசினால் நீ முதலில் அழுதுவிடுவாய், நான் மடங்கிவிடுவேன். அதனால் பழையபடி கண்டக்டர் காசி அண்ணன் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

கலைவாணி


வேலூர்
28 நவம்பர் 2025

அன்புள்ள கலை,

காசி அண்ணன் கொடுத்த கவரை அப்பா ஜெராக்ஸ் கடையில் வாங்கி வைத்து, பிரிக்காமல் எனக்கு அனுப்பினார். முன்பெல்லாம் உன் கவர் வந்தால் கடை முழுக்கத் தழை வாசனை வரும் என்பார். இந்தத் தடவை வெறும் காகிதம். படித்துவிட்டு அன்றைக்கு நான் லேபுக்குப் போகவில்லை.

நான் பொய் சொன்னேன் என்கிறாய். யாருக்காகச் சொன்னேன் என்று யோசித்தாயா? ஊருக்குத் தெரிந்தால் சும்மா விட மாட்டார்கள் என்று நீதானே முதல் பொட்டலத்திலேயே சீட்டு வைத்தாய்? உன் பெயரைப் போட்டிருந்தால் உன்னை நானே காட்டிக்கொடுத்தது போல ஆகியிருக்கும். அதோடு, வெளியாள் சேகரித்தது என்று எழுதினால் அந்த ஆறு மாத முடிவையே ஏற்க மாட்டார்கள் என்று என் கைடு சொன்னார். மழை மாதங்களை எடுத்துவிட்டால் என் ஆய்வில் என்ன மிச்சம்? ஆடித் தழையில் எண்ணெய் கண்ணுக்கே தெரியவில்லை, மாசித் தழையில் குழாயில் மஞ்சளாக ஒரு விரற்கடை நின்றது. அந்த வித்தியாசம்தான் என் படிப்பு.

பொட்டலங்களைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது தோன்றவில்லை. அது என் தப்பு. மன்னித்துவிடு.

நீ ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? பேப்பரில் இருப்பதையே சொல். கிள்ளியது சுவேதா, நான் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்தேன் என்று சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அம்மாவுக்கு மூச்சு இப்போது எப்படி இருக்கிறது?

என்றும் உன்
சுவேதா


சிறுகாட்டூர்
3 டிசம்பர் 2025

சுவேதா,

எனக்காகப் பொய் சொன்னாயா? பரிசை வாங்கும்போதும் எனக்காகத்தான் வாங்கினாயா?

போளூர் ஹாஸ்டலில் நீ என் நோட்டைப் பார்த்துத்தான் தாவரவியல் படித்தாய். பன்னிரண்டாம் வகுப்பில் உன்னைவிட எனக்கு ஒன்பது மார்க் அதிகம். நீ கல்லூரிக்குப் போனாய், நான் மலை ஏறினேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. போன வருடம் நீ வந்து, "மாசத்துக்கு ஒரு பொட்டலம்டி, புத்தகத்துல ரெண்டு பேர் பேரும் வரும்" என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விடியும் முன்னே, சாணி அள்ளப் போகிறவள் மாதிரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கோயில் சரிவுக்குப் போனேன். நிழலில் காய வைத்தேன். மாதத்தின் பெயரை அழகாக எழுதினேன். எங்காவது ஓரிடத்தில் என் கை தெரியட்டும் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது, போதுமா?

மழையில் செடி தழைக்கும், எண்ணெய் ஊறாது, தண்ணீர் வற்ற வற்றத்தான் தன்னைக் காத்துக்கொள்ள எண்ணெயைக் கூட்டும் என்று எழுதியிருக்கிறாய். எங்களையும் அப்படித்தான் வற்ற விட்டிருக்கிறார்கள். என்ன ஊறியது என்று வந்து வடித்துப் பார்.

குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். யாரும் திட்டுவதில்லை. திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அங்கன்வாடிக்குப் பதினொரு பிள்ளைகள் வருவார்கள். இப்போது இரண்டு. டீச்சர் முத்தம்மாள், "நீ கொஞ்ச நாளு வூட்ல இரும்மா, எனக்கு மேல கேள்வி வருது" என்கிறார்.

அம்மாவைக் கேட்டாயே. பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நுரையீரலோடு இருதயமும் போய்விட்டதாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நேற்று அம்மா கேட்டாள்: "ஏன்டி, நான் போய்ட்டா நாலு பேர் தூக்குவாங்களா?" விலக்கி வைத்த வீட்டுப் பிணத்துக்கு இங்கே யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள், சுவேதா. சுடுகாட்டுப் பாதையையும் விட மாட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது.

அம்மா ஆவி பிடிக்கத் தழை கேட்கிறாள். ஊரில் எல்லா வீட்டுப் பரணிலும் மாசிக் கட்டு தொங்குகிறது. எங்களுக்கு ஒரு இணுக்கு தர மாட்டார்கள். என்னிடம் இருப்பது உனக்கு அனுப்பியது போக மிஞ்சிய ஆடித் தழை. அதில் ஒன்றும் இல்லை என்று நீயே நிரூபித்திருக்கிறாய். மாசிப் பொட்டலத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அனுப்பு.

உன் பொய்யை என் வாயால் சொல்ல மாட்டேன்.

கலைவாணி


வேலூர்
9 டிசம்பர் 2025

அன்புள்ள கலை,

இதோடு மாசிப் பொட்டலத்தை அனுப்பியிருக்கிறேன். உன் எழுத்தோடேயே இருக்கிறது. லேப் பூட்டும் நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்தேன். அம்மாவுக்கு ஆவி பிடித்துக் கொடு. தண்ணீர் கொதித்து இறக்கிய பிறகு தழையைப் போட்டு உடனே மூடு, இல்லாவிட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். உனக்குத் தெரியாததா.

நான் வருவது பற்றி. ஜனவரி 19 எனக்கு நேர்முகத் தேர்வு. அரசு வேலை, கலை. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். அங்கே வந்து நான் நின்றால் எல்லார் கையிலும் போன் இருக்கும். "குழந்தை சாவுக்குக் காரணமான ஆய்வாளர்" என்று யாராவது இரண்டு நிமிட வீடியோ போட்டால் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த ஆள் என்னை என்ன செய்வார் என்றும் தெரியாது. அப்பா ஒரே பேச்சாகப் போகாதே என்கிறார்.

ஊர் விலக்கு வைப்பது சட்டப்படி குற்றம். நீ ஏன் பயப்படுகிறாய்? போலீசில் எழுதிக் கொடு. கலெக்டருக்கு மனு போடு. மனுவை நானே டைப் செய்து அனுப்புகிறேன்.

உன்
சுவேதா


சிறுகாட்டூர்
19 டிசம்பர் 2025

சுவேதா,

பொட்டலம் வந்தது. அம்மாவை உட்கார வைத்து, போர்வையை மூடி, நீ சொன்னபடியே தண்ணீரை இறக்கித் தழையைப் போட்டேன். வாசனை வரவில்லை. வெந்த வைக்கோல் நாற்றம். அம்மா போர்வைக்குள்ளிருந்து, "இன்னாடி இது, தழையே போடாம உட்கார வச்சிக்கினு இருக்க?" என்றாள். அப்புறம்தான் புரிந்தது. நீ எண்ணெயை வடித்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் காய வைத்து அதே பொட்டலத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் பார்க்காமல் எடுத்திருப்பாய். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று முழுக்க உன்னை நான் பேசிய பேச்சை எழுத முடியாது. எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டு சக்கையை என் பெயரோடு திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

போலீஸ் என்கிறாய். ஜீப் வரும். ஊர் கை கட்டி நிற்கும். "அப்டிலாம் இல்லீங்க சார், எல்லாம் ஒண்ணாத்தான் கீறோம்" என்பார்கள். ஜீப் போய்விடும். அம்மாவை ஜீப்பா தூக்கும்?

இன்னொன்றையும் சொல்கிறேன். சொல்ல மாட்டேன் என்ற பொய்யைச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ரங்கன் வீட்டு வாசலில் போய் நின்று, "கிள்ளினது போளூர் பொண்ணு, நான் பேர் மட்டும் எழுதினேன்" என்றேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இதை எப்படியாவது முடிக்க வேண்டும்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? ஊர்ப் பொண்ணு தெரிஞ்சே கிள்ளுனா ஒரு வருஷம் வெலக்கு. வெளியாளு தெரியாம கிள்ளுனா ஒரு கொடம் தண்ணிதான். அம்மன் காலடியில ஊத்திட்டு, நான்தான் கிள்ளுனேன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் ரமேஷ் அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இவ சொல்றது வாணாம். கிள்ளுனவங்க வாயால வரட்டும்."

"அவங்க படிச்சவங்கப்பா, வருவாங்களா?" என்றார் ரங்கன்.

"தழைக்கு மட்டும் வந்தாங்கல்ல?"

அவருக்கு என்ன பதில் சொல்வது? சொல், நான் எழுதிக்கொள்கிறேன். காகிதத்தில் கிள்ளினவள் நீ. ஊரில் கிள்ளினவள் நான். பரிசுக்கு ஒருத்தி, பழிக்கு ஒருத்தி. இதைப் படித்தவர்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?

கலைவாணி


வேலூர்
27 டிசம்பர் 2025

கலை,

சக்கை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் தேதியில் வர முடியாது. முன்னாலும் முடியாது. தேர்வு முடிந்த பிறகு பார்க்கலாம். அதுவரை அப்பா கடைக்கு எழுத வேண்டாம். உன் போன கடிதத்தை அப்பா பிரித்துப் படித்துவிட்டார். ராத்திரி அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

சுவேதா


சிறுகாட்டூர்
5 ஜனவரி 2026

அன்புள்ள சுவேதா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இது சண்டைக் கடிதம் இல்லை. அப்பாவிடமும் சொல், படிக்கட்டும்.

என் பெயர் எனக்கு வேண்டாம். புத்தகத்திலும் வேண்டாம், எங்கேயும் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் நீயே கிள்ளியதாக இருக்கட்டும். அதை யார் கேட்டாலும் ஆமாம் என்பேன். உன்னைத் தேர்வில் கேட்டு, என்னிடம் ஆள் அனுப்பினாலும் ஆமாம் என்பேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வைத்துக்கொள்.

நான் முதலில் உன்னை உண்மை சொல்ல வரச் சொன்னேன். இப்போது அந்தப் பொய்யைச் சொல்ல வரச் சொல்கிறேன். மாநாட்டில் முந்நூறு பேர் முன்னால் சொன்னதுதானே? அதையே இங்கே நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போ. போனை யாரும் எடுக்கக் கூடாது என்று ரங்கன் ஒத்துக்கொண்டார். ரமேஷ் அண்ணனிடம் நானே போய்க் கேட்டேன், "அவ வந்தா இன்னா செய்வீங்கண்ணா?" என்று. "இன்னாம்மா செய்யப்போறேன்? அவங்க பேர்ல கோவமில்ல. யாருன்னு தெரியணும், அவ்ளோதான். தெரியாமயே ஒரு வருஷமா படுத்து எழுந்திரிக்கிறேன்" என்றார்.

அம்மா மூன்று நாளாகக் கஞ்சியும் குடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. காசி அண்ணன் போளூரிலிருந்து பஃப் மருந்து வாங்கி வந்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "தை பொறக்கட்டும்" என்றாள். அதுவரைக்கும் இருந்துவிட வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

குடத்தில் தண்ணீரை நானே தூக்கி வருகிறேன். நீ ஊற்றினால் போதும். தை முதல் நாள். வியாழக்கிழமை. முதல் பஸ்.

உன்
கலை


சிறுகாட்டூர்
12 ஜனவரி 2026, காலை

சுவேதா,

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். தைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் அழுத சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். கதவுகள் திறந்தன. யாரும் வாசலைத் தாண்டி வரவில்லை. ரமேஷ் அண்ணன் மட்டும் எங்கள் வேலி வரைக்கும் வந்து நின்றார். அங்கேயிருந்து, "அந்தப் பொண்ணுக்குச் சொல்லி அனுப்பிச்சியா?" என்று கேட்டார். அனுப்புகிறேன் என்றேன். "அவங்க வந்து சொல்லிட்டா மொத தோளு என்னுது" என்றார்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. காசி அண்ணன் இதை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். போளூரில் உன் அப்பா கையில் கொடுத்து, போன் செய்யச் சொல்கிறேன் என்றார். வேலூரிலிருந்து மூன்று மணி நேரம்தான் ஆகும். சாயங்காலப் பஸ் திரும்பி வரும். அதில் ஏறு.

கலை


சிறுகாட்டூர்
13 ஜனவரி 2026, காலை

சுவேதா,

சாயங்காலப் பஸ் வந்தது. மூட்டை இறங்கியது, இரண்டு பேர் இறங்கினார்கள். காசி அண்ணன் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். உன் அப்பா கடிதத்தை வாங்கிக்கொண்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

காசி அண்ணன் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தோள் அவர் தருகிறார். ஒரு தோள் நான். கயிற்றுக் கட்டில் இருக்கிறது. சுடுகாட்டுப் பாதையை விட்டாலும் இரண்டு பேரால் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது, வாசலிலேயே தூக்கிப் பார்த்தோம். இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். இதை டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மதியம் பஸ் இருக்கிறது. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். பொய்யாகவே இருக்கட்டும். வந்து சொல்.

கலைவாணி